செயலாளரின் ஆண்டறிக்கை: அறிவியல் செய்முறை அமர்வுகள்

தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

ரோஸ்ஹில்லில் நாம் நடத்தும் மாலைத் தமிழ் வகுப்பில் வேதியியலையும் தமிழிலேயே சொல்லிக்கொடுப்பது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தபடி, பொருள்களைச் சூடேற்றினால் நிறம் எவ்வாறு மாறுகிறது என்பது பற்றி இவ்வாண்டு மூன்று அமர்வுகள் நடைபெற்றன. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார்.

முதல் அமர்வில் நமக்குச் சற்றே தலைகுனிவு. தாமிர உப்பு பச்சையாகவும் ஸ்ட்ரான்ஷியம் உப்பு செக்கச்சிவப்பாகவும் சுடரில் ஒளிரும் என்று அறிவித்துவிட்டு உப்பு தொட்ட கம்பியைச் சுடரில் காட்டினால், எல்லாமே மஞ்சளாகத்தான் எரிந்தன. பிள்ளைகள் கம்பியை ஆளுக்கொரு முறை தொட்டுப் பார்த்ததில் கைவியர்வையின் உப்பு அதில் ஏறியிருந்தது. அதிலுள்ள சோடியம் 589 நானோமீட்டர் அலைநீளத்தில் வீசும் மஞ்சள் ஒளி, துளியளவு இருந்தாலும் மற்ற நிறங்களை அமுக்கிவிடும். கம்பியை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பலமுறை தோய்த்துச் சுட்ட பின்னரே பச்சையும் சிவப்பும் தெரிந்தன. சூட்டினால் அணுவில் மேல் ஆற்றல்மட்டத்திற்கு ஏறிய எலெக்ட்ரான் மீண்டும் இறங்கும்போது விடும் ஒளி தனிமத்திற்குத் தனிமம் வேறுபடுவதையும், அதைக் கொண்டே ஜெர்மானிய அறிவியலாளர்களான பன்சனும் கிர்க்காஃபும் 1860இல் சீசியம் என்ற தனிமத்தையும் 1861இல் ருபீடியம் என்ற தனிமத்தையும் கண்டறிந்ததையும் அந்தப் பிழையை வைத்தே விளக்க முடிந்தது.

இரண்டாம் அமர்வு கந்தகத்திற்கு உரியது. என் கணிப்பில் இவ்வாண்டின் சிறந்த அமர்வும் அதுவே. மஞ்சள் நிறக் கந்தகத் தூள் ஏறத்தாழ 115 பாகை செல்சியசில் உருகித் தேன் போல் ஓடியது. 160 பாகையைத் தாண்டியதும் கருஞ்சிவப்பாகி, குழாயைக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்கு இறுகி நின்றது. எட்டணு வளையங்கள் அறுந்து நீண்ட சங்கிலிகளாகப் பின்னிக்கொள்வதே அதற்குக் காரணம். மேலும் சூடேற்றி இளகச் செய்து குளிர்ந்த நீரில் ஊற்றியபோது ரப்பர் போல இழுபட்டது. சன்னல்களைத் திறந்தே வைத்திருந்தும் அதன் நெடி மறுநாள்தான் அகன்றது.

மூன்றாவதில் மயில்துத்தம் (நீலநிறத் தாமிர சல்பேட்) சூட்டில் நீரிழந்து வெளுத்ததையும், ஒரு சொட்டு நீர் பட்டதும் மீண்டும் நீலமானதையும், வெண்மையான துத்தநாக ஆக்சைடு சூட்டில் மஞ்சளாகி ஆறியதும் பழைய நிறத்திற்குத் திரும்பியதையும் காட்டினோம்.

கரும்புச் சாம்பலிலுள்ள பொட்டாசியத்தின் ஊதாச் சுடர் மட்டும் சோடிய மஞ்சளில் மறைந்துபோனது. மஞ்சளை வடிகட்டும் நீலக் கோபால்ட் கண்ணாடி ஒன்று வாங்க இப்பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.