மலைப் புல்வெளி மீட்பு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வனத்துறை அனுமதியோடு நீலகிரியின் குந்தாப் பகுதியில் நாம் செய்த வேலைகளில், புல்வெளியை ஆக்கிரமிக்கும் அயல் மரமான சீகையை (வாட்டில்) அகற்றியதைத்தான் பலரும் முதலில் கேட்கிறீர்கள். நல்ல புல்வெளியின் ஓரத்தில் சிதறி நிற்கும் இளஞ்சீகையில்தான் தொடங்கினோம். ஜூன் மழையில் மண் இளகியதும் முழங்கால் உயரக் கன்றுகள் கையாலேயே வேரோடு வந்துவிடும். பெரிய மரங்களுக்கு மார்பு உயரத்திலிருந்து தரைவரை சுற்றிலும் பட்டை உரித்தோம். அடியில் ஒரு கீற்றுப் பட்டை விட்டாலும் மரம் துளிர்க்கும். வேரிலிருந்து முளைக்கும் வகைகளை வெறுமனே வெட்டினால், ஒரு மரம் நின்ற இடத்தில் கன்றுகள் கூட்டமாக எழும். உள்ளே சோலை எனப்படும் மலைக்காட்டு மரங்களின் நாற்றுகள் வளரும் அடர்ந்த சீகைக் காட்டைத் தொடவில்லை; அது சோலையாகவே மாறட்டும்.

சீகை விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெயில் பட்டாலும் தீ பட்டாலும் விழித்துக்கொள்ளும். முன்பு அகற்றிய இடங்கள் சிலவற்றில் இப்போது சீகைக் கன்றுகளே புல்லைவிட அடர்ந்திருக்கின்றன. ஆகவே அறிக்கையில் வெட்டிய பரப்பைக் காட்டுவதை விட்டு, களை எடுத்து முடித்த பரப்பைக் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

புல் நடவுக்கு கிரைசோபோகன், யூலாலியா என்ற மலைப்புல் வகைகளின் தூர்களைச் சாலையோரச் சரிவுகளில் எடுத்தோம். மூன்று நான்கு தண்டுகளாகப் பிரித்து, இலையை ஒரு சாணுக்கு நறுக்கி, பைகளில் வேர் பிடிக்கவைத்து, ஜூன், ஜூலையில் ஓர் அடி இடைவெளியில் நட வேண்டும். அக்டோபருக்குப் பின் நட்டவை நிற்பதில்லை. வேர் இறங்குமுன் டிசம்பர் உறைபனி வந்து மண்ணைத் தூக்கிவிடுகிறது. சரிவில் விதையை அப்படியே தூவுவதும் வீண். காற்றும் மழையும் கொண்டுபோய்விடும். மூடாக்குக்குச் சீகைக் கிளை போடுவோர் அதில் காய் இல்லை என்று பார்த்துப் போட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் சதுப்பு. பவானி ஆற்றுக்குக் கோடையிலும் நீர் விடுவது, பாதி மக்கிய செடிகொடிகள் சேர்ந்த இந்தக் கரிமண்தான். அதில் வெட்டப்பட்ட பழைய வடிகால்களை இந்த ஆண்டு அடைக்கத் தொடங்கினோம். தண்ணீர் நிரப்பிய டியூப் பிடித்து மட்டம் பார்த்து, கீழ்த் தடுப்பின் தலை மேல் தடுப்பின் அடிக்குச் சமமாக வரும்படி இடம் குறித்தோம். இருபது அடிக்கு ஓர் அடி சரிவு என்றால், ஒன்றரை அடித் தடுப்புகளுக்கு இடையே முப்பது அடி. தடுப்பின் இரு முனையும் கரைக்குள் ஓர் அடியாவது புதைய வேண்டும். இல்லையென்றால் நீர் பக்கவாட்டில் அரித்துப் புது வழி கண்டுவிடும். நீர் விழும் இடத்தில் கல் பரப்பாவிட்டால் அடிமண் போய்த் தடுப்பே சாயும். புல்கரணையும் (புல்லோடு வெட்டிய மண்கட்டி) கல்லும் தேங்காய்நார்ச் சாக்கும் போதும், பிளாஸ்டிக் சாக்கு கூடாது.

வனவிலங்குக்குத் தண்ணீர் என்று சதுப்பின் நடுவே குட்டை தோண்டும் யோசனை இம்முறையும் வந்தது. செயற்குழு மறுத்தது சரியே. குட்டையை நோக்கிச் சுற்றுக் கரிமண்ணின் நீர் வடியும், மண் காய்ந்து சுருங்கும், பிறகு அங்கே சீகை ஏறும். கடமானுக்கு ஊற்று போதும்.

வரையாடு குட்டி ஈனும் ஜனவரி முதல் மார்ச் வரை பாறை விளிம்புகளுக்கு நாம் போவதில்லை. 2024இல் தமிழ்நாட்டில் 1,031 என்று எண்ணப்பட்ட வரையாடு, 2025 கணக்கெடுப்பில் 1,303. நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவை சதுப்புப் புல்லில் தரையோடு கூடு கட்டுவதால் ஏப்ரல், மே மாதங்களில் அங்கும் வேலை இல்லை.

தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு தனித்தாளாக இணைக்கப்பட்டுள்ளது. வரும் ஆண்டில் புதிய இடம் எதையும் எடுக்காமல், பழைய இடங்களில் மழைக்குப் பின் களை எடுப்பதும், ஒவ்வொரு பெருமழைக்கும் அடுத்த நாள் தடுப்புகளைப் பார்த்துச் சரிசெய்வதும் மட்டுமே என்ற தீர்மானத்தை உறுப்பினர்கள் முன் வைக்கிறேன்.

செயலாளர்