சுவரோரத்து இடத்தை எனக்குத் தந்தவருக்கு

எட்டு வாரங்கள் ஒரே கூடத்தில் மூச்சை எண்ணி, ஒரே அமைதியில் எழுதிய எல்லாருக்கும்,

நேற்று நம் யோகா-எழுத்துப் பயிற்சியின் கடைசி வகுப்பு முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது நன்றி சொல்ல வாயெடுத்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது. எழுதினால் வரும் என்று இதை எழுதுகிறேன். எந்த நிலையில் அங்கு வந்து சேர்ந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். என் பக்கங்களை வாசிக்கக் கேட்டவர்கள் நீங்கள்தானே.

முதலில் ஆசிரியைக்கு. ஆசனங்கள் முடிந்ததும் 15 நிமிடம் கையை நிறுத்தாமல் எழுத வேண்டும், எழுத்துப் பிழையைத் திருத்தக் கூடாது, எழுதியதைக் கிழித்தெறியலாம் என்றீர்கள். முதல் நாள் எழுதிவிட்டுப் போன இரவு நான் உறங்கவே இல்லை. இரண்டாம் வாரம் வந்ததே விலகிக்கொள்கிறேன் என்று சொல்லத்தான். நீங்கள் தடுக்கவில்லை. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிச் சொன்னீர்கள். மாணவர்களைத் தங்கள் வாழ்வின் வலிகளைப் பற்றி நான்கு நாள்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுத வைத்தார்களாம். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனம் இன்னும் கனத்துத்தான் போயிற்று. பின்வந்த மாதங்களில்தான் மருத்துவரிடம் போவது குறைந்தது. "கனமாக இருக்கிறதா? சரி, உட்காருங்கள்" என்றீர்கள். அமர்ந்துவிட்டேன்.

வீரபத்ராசனத்தின் கதையையும் நீங்கள்தான் சொன்னீர்கள். தாட்சாயணியை இழந்த சிவன் தன் சடையைப் பிடுங்கித் தரையில் அறைய, அதிலிருந்து எழுந்து தட்சனின் யாகத்தை அழித்தவன் வீரபத்திரன். துயரத்திலிருந்து பிறந்த வீரன் என்றதும் பலருடைய பேனாக்கள் பறந்தன. எனக்கு என்னவோ அவன் ஒட்டவில்லை. யாகத்தை அழிக்கும் அளவுக்கு என்னிடம் கோபம்கூட மிச்சமில்லை. விழாமல் நின்றால் போதும் என்றிருந்தது.

அதுவும் முடியவில்லை. மூன்றாம் வாரம் மரம்போல் நிற்கும் விருட்சாசனத்தில் ஒற்றைக் காலில் நின்றவர்களில் தடால் என்று விழுந்தது நான்தான். அந்தச் சத்தத்தில் தோப்பே ஒருமுறை ஆடி அடங்கியது. அப்போதுதான் அக்கா, நீங்கள் சுவரோரத்திலிருந்து பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து என் காதருகே கேட்டீர்கள்: "அங்கே வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது. இடம் மாற்றிக்கொள்ளலாமா?"

மாற்றிக்கொண்டேன். சுவரில் ஒரு விரல் நுனி பட்டாலே போதும், கால் நின்றது. கால் நின்ற பிறகு கண் ஒரு புள்ளியில் நின்றது. அன்று "முழங்கால் பேசினால்" என்ற தலைப்பில் எழுதச் சொன்னார்கள். என் முழங்காலுக்கு என்மேல் அத்தனை குறைகள் இருந்திருக்கின்றன! இரண்டரைப் பக்கம். பல மாதங்களுக்குப் பிறகு நானே சிரித்தபடி எழுதிய பக்கங்கள் அவை. அந்த மூலையில் விளக்கு மங்கல் என்பதும், கண் கூசும் வெளிச்சம் அங்கே ஒருபோதும் விழுவதில்லை என்பதும் வெகு தாமதமாகத்தான் எனக்கு உறைத்தன.

ஆறாம் வாரம் "உங்களைத் தாங்கிய ஒன்றுக்குக் கடிதம் எழுதுங்கள்" என்றார்கள். அக்கா, நீங்கள் சுவருக்கு எழுதியிருந்தீர்கள். கூடத்தில் வாசித்தது கூடத்தோடு நிற்க வேண்டும் என்பது நம் விதி. இவ்வளவு சொல்ல நேற்று நீங்கள் அனுமதி தந்தீர்கள். உங்களுக்கும் அந்தச் சுவர் தேவைப்பட்டிருக்கிறது, என்னைவிட அதிகமாக. அதை விட்டு நடுக்கூடத்துக்கு வந்த பிறகு, குதிகாலை மறுகாலின் கணுக்காலில் சாய்த்து, கால்விரல் நுனிகளைத் தரையிலிருந்து எடுக்காமலே இத்தனை வாரமும் மரமாக நின்றிருக்கிறீர்கள். நான் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வெட்கத்தில் அன்று என் பக்கம் வெறுமையாகவே இருந்தது. பேனாவில் மை தீர்ந்துவிட்டதென்று ஒரு பொய் சொன்னேன். நீங்கள் உங்களுடையதை என் பக்கம் உருட்டிவிட்டீர்கள்.

நேரத்தைப் பார்த்துக்கொண்டே பார்க்காததுபோல் இருந்தவருக்கும், கவிதை வாசித்து நம்மைச் சிரிக்க வைத்தவருக்கும், கைக்குட்டையை வரிசையாகக் கடத்தியவர்களுக்கும், கூடத்தைப் பெருக்கி வைத்தவருக்கும், எட்டு வாரமும் ஒரு வரிகூட வாசிக்காமல் எல்லார் வரிகளையும் தலை குனிந்து கேட்ட அந்த இளைஞருக்கும் என் நன்றி. தம்பி, நீங்கள் கேட்ட விதத்தால்தான் என்னால் வாசிக்க முடிந்தது.

ஆசனத்துக்கு யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி வைத்த இலக்கணம் இரண்டே சொற்கள்: ஸ்திரம், சுகம். உறுதி எனக்கு ஓரளவு வந்திருக்கிறது. சுகம் இன்னும் வரவில்லை; அசையாமல் மல்லாந்து படுக்கும் சவாசனத்தில் இப்போதும் கண்ணோரம் நனைந்துவிடுகிறது.

அடுத்த குழுவிலும் பெயர் கொடுத்திருக்கிறேன். சீக்கிரமே வந்து சுவரோரம் பாய் விரிப்பேன். கதவருகே யாராவது தயங்கி நின்றால், அங்கே வெளிச்சம் கூசுகிறது என்பேன். அக்கா, உங்கள் பேனா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இந்த மடலும் அதில் எழுதியதுதான்.