கையால் சுழற்றாமல் எஞ்சினைத் தொடாதீர்கள்

ஆசிரியருக்கு,

இரண்டாம் உலகப்போர்க் கால பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்தைச் சீரமைப்பது என்றால் பலரும் பெயின்ட் அடிப்பதையே நினைக்கிறார்கள். கான்பூரில் கைவிடப்பட்டுக் கிடந்தவற்றை எச்.ஏ.எல். (இந்துஸ்தான் விமானத் தயாரிப்பு நிறுவனம்) பழுதுபார்த்து, நம் விமானப்படை 1968 வரை ஓட்டியது. அவற்றில் ஒன்று அமெரிக்காவில் முழுமையாகச் சீரமைக்கப்பட்டு 1989-இல் மீண்டும் பறந்தது. இன்னொன்று டில்லியின் பாலம் (Palam) பகுதியிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நான்கு எஞ்சின்கள், ஒவ்வொன்றிலும் வட்டமாக அமைந்த 14 சிலிண்டர்கள், சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். மொத்தம் 112! சும்மா நிற்கும்போது ஆயில் கசிந்து கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனால் ஆயிலை அமுக்க முடியாது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். எனவே இக்னிஷனை அணைத்து, புரொபெல்லரைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். இடையில் முட்டினால் பலம் காட்டக்கூடாது. பின்பக்கமாகத் திருப்பவும் கூடாது; ஆயில், காற்றும் எரிபொருளும் உள்ளே வரும் இன்டேக் குழாய்க்குள் ஏறி, எஞ்சின் ஓடும்போது திரும்பி வந்துவிடும். கீழ்ப் பிளக்குகளைக் கழற்றி வடிப்பதே வழி.

உடற்பகுதியில் எதிரி உலோக அரிப்பு. அலுமினியத் தகட்டோடு எஃகு சேரும் இடத்தில் ஈரம் தங்கினால், அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். மேலே பெயின்ட் பளபளக்கும், உள்ளே ஓட்டை. தகடுகளை இணைக்கும் ஆணிகளான ரிவெட்டுகளில் கெட்டியானவற்றைச் சூடாக்கி, நீரில் குளிரவைத்து, மென்மை போகாதிருக்க ஃப்ரீசரில் வைப்பார்கள். வெளியே எடுத்த சில நிமிடங்களில் அடித்தாக வேண்டும். ஆறப்போட்டால் இறுகி, தலையில் விரிசல் விழும்.

திறந்தவெளியில் வைத்தே தீருவோம் என்றால், அடிவயிற்று வடிகால் துளைகளையாவது பெயின்டால் அடைக்காதீர்கள்.

— ஒரு வாசகர்