படகுல வந்த மனைவிக்கும் குடியுரிமை மனு போட வழி வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாக்காளர் பட்டியல் தீவிர திருத்தம் பத்தி உங்க பேப்பர்ல நிறைய போட்டீங்க, பேரு விட்டுப் போனவங்க, வீடு மாறினவங்க எல்லாரோட கதையும் வந்துச்சு. ஆனா எங்க வீடு மாதிரி வீடுங்கள பத்தி ஒரு வரி கூட வரல. புருஷன் இந்தியக் குடிமகன், மனைவி இலங்கையிலேர்ந்து அகதியா வந்தவங்க. வளசரவாக்கம், போரூர் பக்கம் விசாரிச்சுப் பாருங்க, இப்படிக் குடும்பங்க இருக்கு, வெளிய சொல்லிக்க மாட்டாங்க, அவ்ளோதான்.

என் மனைவிக்கு ஊர் மன்னார். 1990ல சண்டை மறுபடி ஆரம்பிச்சப்போ பத்து வயசுல அம்மா அப்பாவோட படகுல ராமேஸ்வரம் வந்து இறங்கினவங்க. மண்டபம் முகாம்ல பதிவு, அப்புறம் சென்னைல சொந்தக்காரங்க வீட்ல வளந்தாங்க, போலீஸ் ஸ்டேஷன்லயும் பதிவு இருக்கு, எதையும் மறைக்கல. 2001ல எங்க கல்யாணம், சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல முறையா பதிவு பண்ணிருக்கோம்.

வெளிநாட்டுல பொறந்தவங்க இந்தியக் குடிமகனையோ குடிமகளையோ கல்யாணம் பண்ணிக்கிட்டா குடியுரிமைக்கு மனு போடலாம்னு 1955 குடியுரிமைச் சட்டத்தோட 5வது பிரிவு சொல்லுது. முதல்ல மனைவிமாருக்கு மட்டும்தான் இருந்துச்சு, 1986ல புருஷங்களையும் சேத்து அஞ்சு வருஷம் இங்க இருந்திருக்கணும்னு ஆக்கினாங்க, 2003 திருத்தத்துல அது ஏழு வருஷமாச்சு. அதாவது மனு போடுறதுக்கு முந்தின 12 மாசம் தொடர்ந்து இங்க இருக்கணும், அதுக்கு முன்னாடி 8 வருஷத்துல மொத்தமா 6 வருஷம் இருந்திருக்கணும். ஆன்லைன்ல போட்டா கலெக்டர், மாநில அரசு, உள்துறை அமைச்சகம்னு போகும், விசாரணை முடிஞ்சு பழைய நாட்டுக் குடியுரிமைய விட்டுட்டதுக்கு சான்று காட்டி உறுதிமொழி எடுக்கணும். எங்க தெருவுக்கு மலேசியாலேர்ந்து மருமகளா வந்த ஒரு பொண்ணு இருக்கு, விசாவுல வந்தது, கல்யாணமாகி ரெண்டு வருஷம் முடிஞ்சதும் ஓசிஐ கார்டு, அதாவது வெளிநாட்டுக்காரங்க தனியா விசா எடுக்காம இங்க தங்குறதுக்கான கார்டு, வாங்கிடுச்சு, வேணும்னா பிற்பாடு குடியுரிமைக்கும் போடும். அந்தப் பொண்ணு நல்லா இருக்கட்டும், அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.

என் மனைவிக்கு இந்த வழியில முதல் படியே இல்ல. செல்லுபடியாகுற பாஸ்போர்ட் இல்லாம நாட்டுக்குள்ள வந்தவங்க எல்லாருமே சட்டவிரோதக் குடியேறி, அவங்க 5வது பிரிவுல மனு போட முடியாதுன்னு அதே 2003 திருத்தம் சொல்லிடுச்சு. தலைக்கு மேல குண்டு விழுறப்போ பத்து வயசுப் புள்ள எந்த ஆபீஸ்ல போய் பாஸ்போர்ட் எடுத்துட்டு வரும்? முப்பத்தஞ்சு வருஷமா இங்க இருக்காங்க, என் ரேஷன் கார்டுல பேரு இருக்கு, எங்க அம்மா படுத்த படுக்கையா இருந்தப்போ கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டதும் அவங்கதான்.

இது அவங்களோட நிக்கலங்க, புள்ளைங்க தலையிலயும் வந்து விழுது. எனக்கு ரெண்டு பொண்ணுங்க, பெரியவ 2003ல பொறந்தா, சின்னவ 2006ல, ரெண்டு பேரும் சென்னைல ஒரே ஆஸ்பத்திரிலதான் பொறந்தாங்க. நான் சொன்ன அந்த 2003 திருத்தம் 2004 டிசம்பர் 3லதான் அமலுக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடி பொறந்திருந்தா அப்பா அம்மால ஒருத்தர் குடிமகனா இருந்தாப் போதும், அதனால பெரியவ பிறப்பாலயே குடிமகள், பாஸ்போர்ட் இருக்கு, ஓட்டும் போட்டுட்டா. அதுக்கப்புறம் பொறந்திருந்தா ஒருத்தர் குடிமகனா இருந்தாலும் இன்னொருத்தர் சட்டவிரோதக் குடியேறியா இருக்கக் கூடாது. அப்போ சின்னவ யாரு?

பதினெட்டு முடிஞ்சுது, அவளும் ஆசையா வாக்காளர் பட்டியல்ல பேரு சேக்குற ஃபார்ம் 6 எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்தா. கூட ஒரு டிக்ளரேஷன் வேணும்னாங்க, அதுல பெற்றோர்ல ஒருத்தர் இந்தியர் இல்லன்னா நீங்க பொறந்த சமயத்துல அவங்ககிட்ட இருந்த பாஸ்போர்ட், விசா நகலைக் குடுங்கன்னு போட்டிருக்கு. அந்த வரி வந்ததும் பேனாவ வச்சுட்டு "அம்மாகிட்ட விசா இருந்துச்சாப்பா?"ன்னு கேட்டா. நான் என்னத்தச் சொல்ல? தெரிஞ்சே பொய்யா கையெழுத்துப் போட்டா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில்னு சட்டத்துல இருக்கு, அதனால போட வேணாம்னு சொல்லிட்டேன்.

ஒரு ஆபீஸ்ல கேட்டதுக்கு, நல்ல மனுஷன்தான், உக்கார வச்சுப் பேசினாரு, "ஒரு தடவ இலங்கைக்குப் போயிட்டு பாஸ்போர்ட் எடுத்து விசாவுல திரும்ப வாங்க, அப்புறம் ஏழு வருஷம் எண்ணிக்கலாம்"னாரு. வீட்ல வந்து சொன்னதும் "நான் அங்க யாரிட்டப் போறது, என்ர பிள்ளையள் இஞ்சதானே இருக்கினம்"னு அழுதாங்க. போனா திரும்ப விசா கிடைக்கும்னு யாராச்சும் எழுதிக் குடுப்பாங்களா? வந்தாலும் இங்க வாழ்ந்த இத்தன வருஷமும் கணக்குல வராதா?

2019 திருத்தத்துல பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான்லேர்ந்து 2014 டிசம்பர் 31க்குள்ள வந்த ஆறு மதத்துக்காரங்கள சட்டவிரோதக் குடியேறியா பாக்க மாட்டோம்னு சொன்னாங்க, இலங்கை அதுல இல்ல. 2025 செப்டம்பர்ல மத்திய அரசு ஒரு உத்தரவு போட்டுச்சு, 2015 ஜனவரி 9 வரைக்கும் இங்க தஞ்சம் புகுந்து பதிவு பண்ணிருக்கிற இலங்கைத் தமிழர்களுக்கு பாஸ்போர்ட், விசா இல்லன்னு தண்டனை கிடையாதுன்னு. பெரிய நிம்மதி, மனசார நன்றி சொல்றோம். ஆனா குடியுரிமை பத்தி அதுல ஒரு வார்த்தையும் இல்ல.

குறுக்கு வழி எதுவும் நான் கேக்கல. பதிவு பண்ணின அகதிங்கள்ல இந்தியக் குடிமக்களக் கல்யாணம் பண்ணினவங்களயாச்சும் அந்தச் சட்டவிரோதக் கணக்குலேர்ந்து எடுங்க. பாஸ்போர்ட், விசாவுக்குப் பதிலா அகதிப் பதிவையும் திருமணச் சான்றையும் ஏத்துக்கிட்டு, பதிவு பண்ணின தேதிலேர்ந்து ஏழு வருஷத்த எண்ணுங்க. என்ன விசாரணை வேணும்னாலும் பண்ணட்டும், அகதிங்கள கண்காணிக்கிற போலீஸ் பிரிவான க்யூ பிராஞ்ச்ல எங்க விவரம் பூரா இருக்கு. 2004க்கு அப்புறம் பொறந்த புள்ளைங்களுக்கும் அதுலயே ஒரு வழி சொல்லணும்.

தமிழ்நாட்டு எம்பிங்க யாராச்சும் இத நாடாளுமன்றத்துல கேள்வியா எழுப்பணும், நீங்களும் ஒரு நிருபர அனுப்புங்க, எங்கள மாதிரி குடும்பங்ககிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். பொண்ணு படிச்சிட்டு இருக்கா, அதனால தயவுசெஞ்சு பேரு போட வேணாம்.

இப்படிக்கு,
வளசரவாக்கம் வாசகர், சென்னை