புற்றுநோய் பறிக்கும் ஆண்டுகளையும் கணக்கிடுவோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூரில் நிகழும் மரணங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் புற்றுநோய் காரணமாகிறது என்பதைச் செய்திகள் தவறாமல் சொல்கின்றன. ஆனால், 82 வயதில் மறையும் ஒரு தாத்தாவும், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளையும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கடனையும் விட்டுவிட்டு 41 வயதில் மறையும் ஒரு தாயும் அந்தக் கணக்கில் தலைக்கு ஒன்றாகவே சேர்க்கப்படுகிறார்கள்.

இழந்த ஆயுள் ஆண்டுகளைக் கூட்டிப் பார்க்கும் முறை இந்தக் குறையை ஓரளவு நீக்குகிறது. 75 வயதை எல்லையாகக் கொண்டு, அதற்கு எத்தனை ஆண்டுகள் முன்னதாக மரணம் நேர்ந்தது என்று பார்த்தால், அந்தத் தாயின் மரணத்தால் 34 ஆண்டுகளும், ஐந்து வயதில் ரத்தப் புற்றுநோய்க்குப் பலியாகும் குழந்தையால் 70 ஆண்டுகளும் இழப்பாகும். பெரும்பாலும் முதிய ஆண்களைத் தாக்கும் புராஸ்டேட் புற்றுநோய் இப்பட்டியலில் கீழிறங்கும். நடுவயதிலேயே பலரைக் கொண்டுபோகும் மார்பகப் புற்றுநோய் மேலேறும்.

எல்லை வயதை யார், எதற்காக வகுக்கிறார்கள் என்பதில்தான் எனக்குத் தயக்கம். அதே கணக்கில் தாத்தாவின் இழப்பு பூஜ்யம். சராசரி ஆயுட்காலம் 80ஐத் தாண்டிவிட்ட இந்நாட்டில் 76 வயதுக்காரரின் மரணத்தை இழப்பே இல்லை என்று எழுதி வைப்பதை ஏற்க இயலவில்லை. 2030க்குள் தொற்றாநோய்களால் ஏற்படும் அகால மரணங்களை மூன்றில் ஒரு பங்கு குறைக்க வேண்டும் என்ற ஐக்கிய நாடுகளின் இலக்கோ 30 முதல் 70 வயது வரையுள்ளோரை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. அதில் அந்தக் குழந்தையும் விடுபட்டுவிடுகிறது. ஒவ்வொரு வயதிலும் எஞ்சியுள்ள சராசரி ஆயுளைக் கொண்டு கணக்கிடும், நோய்களால் மக்கள் இழப்பதை உலக அளவில் மதிப்பிடும் உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வின் முறை இதைவிட நியாயமானது என்பது என் கருத்து.

1968ல் தொடங்கிய சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவேட்டில் வயதும் இனமும் பதிவாவதால், இந்தியர்களுக்கும் இக்கணக்கைத் தனியே போட இயலும். நம் எண்ணிக்கை சிறியது என்பதால் ஓராண்டின் ஏற்ற இறக்கத்தை வைத்து முடிவுக்கு வரலாகாது. ஐந்தாண்டுத் தரவுகளை ஒன்றுசேர்த்து, வயது விகித வேறுபாட்டையும் சரிசெய்தபின் பிற இனங்களோடு ஒப்பிடுவதே முறை.

அடுத்த முறை புற்றுநோய் மரணச் செய்தியை வெளியிடும்போது, மரண எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இழந்த ஆண்டுகளையும், அவை எந்த எல்லை வயதின்படி கணக்கிடப்பட்டவை என்பதையும் தங்கள் நாளிதழ் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், உட்லண்ட்ஸ்