கூழ்வத்தலும் உன் அறிக்கையும்

அன்புள்ள கயலுக்கு,

நீ வாட்ஸப்பில் அனுப்பிய அறிக்கையைப் போனில் வைத்துப் படிக்க என் கண்ணுக்கு ஆகவில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அச்செடுத்தேன். 112 பக்கம். அட்டையில் இருந்த பச்சை இலையையும் காற்றாடியையும் பார்த்துவிட்டு, "எந்தக் கட்சி தேர்தல் அறிக்கை சார்?" என்று கேட்டான் கடைப் பையன். என் மகள் வேலை பார்க்கும் மின்சாரக் கம்பெனியின் நிலைத்தன்மை அறிக்கை, சுற்றுச்சூழல் கணக்கு சொல்கிற புத்தகம் என்றேன். அவனுக்குப் புரியவில்லை. எனக்கும் முதல் இருபது பக்கம் பிடிபடவில்லை. அப்புறம் எண்கள் வந்தன, மூச்சு வந்தது.

"தப்பு இருந்தா சொல்லுங்கப்பா" என்று கேட்டிருந்தாய். முப்பது வருஷத்துக்கு மேல் அனல்மின் நிலையத்தில் பாய்லர் பக்கமே கிடந்தவன் கண்ணுக்குக் கூட்டலில் தப்பு எதுவும் தட்டுப்படவில்லை. ஆனால் ஒவ்வொரு எண்ணையும் எதால் வகுத்திருக்கிறீர்கள் என்று பார்த்துக்கொண்டே போனபோது கொஞ்சம் உறுத்தியது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ பாதியில் "மீட்டிங்" என்பாய்.

எட்டாம் பக்கத்தில் பெரிய எழுத்தில், யூனிட்டுக்கு வெளியேறும் கரியமில வாயு ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாகப் போட்டிருக்கிறாய். பின்னட்டையிலேயே பென்சிலால் ஒரு கணக்குப் போட்டேன். உங்கள் கணக்கு இல்லை, சும்மா ஒரு மாதிரிக்கு. நிலக்கரியில் 100 கோடி யூனிட் எடுக்கிறேன். யூனிட்டுக்கு 0.95 கிலோ என்றால் மொத்தம் 9.5 லட்சம் டன். அடுத்த வருஷம் அதே நிலக்கரியை அப்படியே எரித்துக்கொண்டு, கூட 25 கோடி யூனிட் சூரிய மின்சாரம் சேர்க்கிறேன். இப்போது யூனிட்டுக்கு 0.76 கிலோ. ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாயிற்று! புகைபோக்கி வழியே போனது என்னவோ அதே 9.5 லட்சம் டன். சாப்பிடாத விருந்தாளிகளையும் பந்தியில் உட்கார வைத்து, தலைக்கு எவ்வளவு அரிசி என்று கணக்கெடுத்த கதைதான்.

அந்த 25 கோடி யூனிட்டும் இல்லாதிருந்தால் அதையும் நிலக்கரியில்தான் எடுத்திருப்போம், தேவை ஏறிக்கொண்டே போகிறது என்று நீ சொல்லலாம். சரிதான், ஒப்புக்கொள்கிறேன். அப்படியே எழுதிவிடு. யூனிட் கணக்கு எட்டாம் பக்கத்தில் வண்ணத்தில் இருக்கிறது, மொத்தக் கணக்கு 97-ஆம் பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வை என்கிறேன், அவ்வளவுதான்.

97-ஆம் பக்கத்தில் அது வந்ததே பங்குச்சந்தையைக் கண்காணிக்கிற செபியின் படிவம் கேட்பதால்தான் என்று நினைக்கிறேன். 2022-23-இலிருந்து பங்குச்சந்தையின் முதல் 1000 கம்பெனிகளுக்கு இது கட்டாயம் என்று நீதானே சொன்னாய். அந்தப் படிவத்திலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. விற்றுமுதல் ஒரு ரூபாய்க்கு எவ்வளவு கரியமில வாயு என்று ஒரு வரி. மின்சாரக் கம்பெனிக்கு இது எப்படிப் பொருந்தும்? கட்டணத்தை ஏற்றினால் விற்றுமுதல் ஏறும், ஒரு கிலோ நிலக்கரி மிச்சமாகாமலே அந்த எண் இறங்கிவிடும். பில் கட்டுகிறவன் வயிறு எரியும், அறிக்கை குளிரும். படிவத்தை உன்னால் மாற்ற முடியாது. அந்த வரியை மட்டும் எடுத்து முன்பக்கத்தில் பூப்போட்டு வைக்காதே.

திறன் பற்றிய பக்கத்தில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. 2025 ஜூனிலேயே நாட்டின் நிறுவுதிறனில், அதாவது எல்லா நிலையங்களும் சேர்ந்து எடுக்கக்கூடிய மெகாவாட்டில், பாதி புதைபடிவ எரிபொருள் அல்லாதது ஆகிவிட்டது, 2030-க்கு வைத்த இலக்கு ஐந்து வருஷம் முன்னாலேயே வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். உண்மை, பெருமையும்தான். ஆனால் வீட்டுக்கு வருகிற யூனிட்டில் பத்துக்கு ஏழு இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. கமுதி சூரிய மின் நிலையத்தின் 648 மெகாவாட் ராத்திரி எட்டு மணிக்குப் பூஜ்யம். இங்கே நம் மாடியிலிருந்து தெரிகிற காற்றாடிகள் ஆடியில் பேயாகச் சுற்றும், கார்த்திகையில் பாதி நாள் சும்மா நிற்கும். மெகாவாட்டையும் யூனிட்டையும் ஒரே பத்தியில் கலந்து எழுதாதே. படிக்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்று என்றுதான் படும்.

இனி தூசிக் கணக்குக்கு வருகிறேன். மாதச் சராசரி விதிக்குள் இருக்கிறது என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். எனக்கு மனசு அங்கேயே நின்றுவிட்டது.

நீ அப்போது நாலாம் வகுப்பு. குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில் உன் அம்மா கூழ்வத்தல் பிழிந்து, என் பழைய வேட்டியில் காயப்போட்டிருந்தாள். இரவில் பனி இல்லை என்று அப்படியே விட்டுவிட்டாள். அன்றைக்கு எனக்கு நைட் ஷிஃப்ட். ஈ.எஸ்.பி. என்று நான் சொல்லிக் கேட்டிருப்பாய். புகையிலிருந்து சாம்பலைப் பிடிக்கிற கருவி. உயர் அழுத்த மின்சாரம் ஏற்றிய கம்பிகளுக்கும் தகடுகளுக்கும் நடுவே புகை போகும், சாம்பல் தகட்டில் ஒட்டும், சுத்தியல் தட்டத் தட்டக் கீழே ஹாப்பரில் விழும். ஹாப்பர் அடைத்துக்கொண்டால் சாம்பல் மேலேறி ஷார்ட் ஆகி ஃபீல்டு, அதாவது கருவியின் அந்தப் பகுதி, டிரிப் ஆகிவிடும். அன்றைக்கு ஒன்றே முக்காலுக்கு அப்படி இரண்டு ஃபீல்டு போயிற்று. லோடைக் குறைக்கட்டுமா என்று மேலே கேட்டேன். வேண்டாம், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ராத்திரியில் புகைபோக்கியை யார் பார்க்கப் போகிறார்கள்? லாக் புத்தகத்தில் நேரத்தை மட்டும் எழுதிவிட்டு நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

காலையில் வீட்டுக்கு வந்தால் மாடிப்படியில் உன் அம்மா. வேட்டியின் மேல் பூத்தூவினாற்போல் சாம்பல் நிறத்தில் பொடி. ஒரு வத்தலை எடுத்து ஊதினாள், போகவில்லை. நகத்தால் சுரண்டினாள், வத்தல் உடைந்தது. "உங்க ஆபீஸ் வீட்டுக்கே வந்துட்டு" என்றாள். நாலு படி அரிசி வத்தலையும் வேட்டியோடு சுருட்டிக் கொண்டுபோய்க் கொட்டினாள். அந்த மாதச் சராசரி விதிக்குள்தான் இருந்தது.

கணக்கையும் கேட்டுக்கொள். 210 மெகாவாட் மின் உற்பத்தி இயந்திரம் ஒன்று முழு லோடில் ஓடினால் ஒரு நாளைக்குச் சுமார் 3,500 டன் நிலக்கரி தின்னும். நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். புகையோடு பறக்கிற சாம்பல் மட்டும் ஏறக்குறைய 1,000 டன். ஈ.எஸ்.பி. 99.9 சதவீதம் பிடித்தால் வெளியே போவது ஒரு டன். 99.5 பிடித்தால் ஐந்து டன். அறிக்கையில் அரைப்புள்ளிகூட வித்தியாசமில்லை, மாடியில் ஐந்து மடங்கு. இப்போது புகைபோக்கியிலேயே கருவி வைத்து, அளவு நேராக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகிறதே, வருஷத்தில் எத்தனை மணி நேரம் அளவு தாண்டியது என்று அதில் எடுக்கலாம். சராசரிக்குக் கீழே அந்த ஒரு வரியைச் சேர்க்க முடியுமா என்று உன் மேலதிகாரியிடம் கேள். முகம் சுளிப்பார். கேட்டுவிடு.

கந்தகப் பக்கத்தில் "விதிகளுக்கு முழுமையாக உட்பட்டு" என்று இருக்கிறது. 2015 டிசம்பரில் புகையில் போகும் கந்தகத்துக்கு விதி வந்தபோது இரண்டு வருஷம் கெடு. அப்புறம் தள்ளினார்கள், மறுபடியும் தள்ளினார்கள். 2025 ஜூலையில், மாநகரங்களுக்கு அருகே இல்லாத பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தக நீக்கி தேவையே இல்லை என்று தளர்த்திவிட்டார்கள். நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு, நீக்கிக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டிக் கொண்டுவருவதிலும் கேடு உண்டு என்ற வாதத்தில் எனக்கும் பாதி சம்மதம். ஆனால் விதி நகர்ந்ததால் கிடைத்த நூற்றுக்கு நூறை நாம் படித்து வாங்கிய மதிப்பெண் போல எழுதுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

சாம்பல் 100 சதவீதம் பயன்பாடு என்ற இடத்திலும், எத்தனை டன் சிமென்டுக்கு, எத்தனை செங்கல்லுக்கு, எத்தனை பள்ளம் நிரப்ப என்று பிரித்துப் போடு. பள்ளம் நிரப்புவதும் கணக்கில் பயன்பாடுதான், மறுக்கவில்லை. எந்தப் பள்ளம், பக்கத்தில் யார் கிணறு என்று ஒரு ஆளாவது போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

2070 நிகர பூஜ்யம், அதாவது வெளிவிடுகிற கரியமில வாயுவும் திரும்பப் பிடிப்பதும் சமமாவது, பற்றிய படத்தைப் பார்த்தேன். அப்போது உனக்கு 73 வயது. படம் அழகாக இருக்கிறது.

இவ்வளவும் எழுதிவிட்டேனே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. தண்ணீர்ப் பக்கம் நன்றாக வந்திருக்கிறது. மூன்று வருஷத்து எண்ணையும் மொத்தமாகவே போட்டிருக்கிறாய், கூடின வருஷத்தைக் கூடியது என்றே எழுதியிருக்கிறாய். அதை எழுதியது நீதான் என்று உன் அம்மாவிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன்.

கூழ்வத்தல் பார்சல் நேற்றுப் போட்டாயிற்று, வியாழன் வந்துவிடும். இந்தத் தடவை இங்கே மாடியில்தான் காயப்போட்டாள். காற்றுதான் தொல்லை, வேட்டியின் நாலு மூலைக்கும் செங்கல் வைக்க வேண்டியதாயிற்று.

அப்பா