2030 உலகக் கோப்பையை நடத்தப்போகிறவர்களுக்கு, வியாசர்பாடியிலிருந்து ஒரு மடல்

ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ கால்பந்துச் சங்கங்களுக்கும் ஃபிஃபா நிர்வாகத்துக்கும் வணக்கம்.

நான் வடசென்னை வியாசர்பாடிக்காரன். உலகக் கோப்பை வந்துவிட்டால் எங்கள் தெருக்களில் பிரேசில் கொடி ஏறிவிடும், சுவரெல்லாம் மஞ்சளும் பச்சையுமாக ஆகிவிடும். 2030 போட்டி உங்கள் மூன்று நாடுகளுக்குத்தான் என்று 2024 டிசம்பர் 11 அன்று முடிவானது. அடுத்த மாதமே நாங்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு சீட்டு ஆரம்பித்தோம். மாதம் ஆளுக்கு 4,000 ரூபாய். 2030 மே வரை 65 மாதம் கட்டினால் ஆளுக்கு 2,60,000 சேரும். கணக்கு எழுத ஒரு நீல அட்டை நோட்டு. அதன் கடைசிப் பக்கத்தில் எங்களில் ஒருவர் ஸ்பெயினின் தெற்கு முனையையும் மொராக்கோவின் வடக்கு முனையையும் பேனாவால் வரைந்து, நடுவில் இருக்கிற கடலில் ‘14 கி.மீ.’ என்று எழுதி வைத்திருக்கிறார்.

அந்த 14 கிலோமீட்டரைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

தூரம் ஒன்றுமே இல்லை. வியாசர்பாடியிலிருந்து எண்ணூருக்குப் போகிற அளவுதான். ஸ்பெயினின் தரிஃபாவில் கப்பல் ஏறினால் ஒரு மணி நேரத்தில் மொராக்கோவின் டான்ஜியர். அங்கிருந்து அதிவேக ரயிலில் காசாபிளாங்காவுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. ஆனால் எங்களைப் போன்ற இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு அந்தக் கடலின் நடுவில் ஷெங்கன் எல்லை, அதாவது ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் பகுதியின் எல்லை, இருக்கிறது. ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். மொராக்கோ அதற்கு வெளியே. ஒரே நுழைவுக்கான ஷெங்கன் விசாவோடு செவில்லாவில் ஒரு ஆட்டம் பார்த்துவிட்டு டான்ஜியருக்குக் கப்பல் ஏறினால் அந்த விசா அங்கேயே முடிந்தது. அடுத்த ஆட்டம் மாட்ரிட்டில் என்றால் திரும்பி உள்ளே வர வழியில்லை.

பிரேசில் எங்கே ஆடப்போகிறது என்று எங்களுக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும்? குழுக்களைப் பிரிக்கும் குலுக்கலே போட்டிக்கு ஆறேழு மாதம் முன்னால்தான் நடக்கும். ஷெங்கன் விசாவுக்கும் பயணத் தேதிக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்க முடியாது. நாக்-அவுட் ஆட்டம் எந்த ஊரில் என்பது சில நாள் முன்னால்தான் தெரியவரும். விசா படிவமோ எங்கே தங்குவாய், எந்தத் தேதியில் எந்த ஊரில் இருப்பாய் என்று எல்லாவற்றையும் முன்னாலேயே கேட்கிறது. அணியின் பின்னால் போகிற ரசிகனால் அதற்கு நேர்மையாகப் பதில் எழுத முடியாது.

இதைச் சரிசெய்ய முடியும் என்று எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் ஒருமுறை பார்த்திருக்கிறோம். 2022-ல் எங்களில் ஐந்து பேர் கத்தாருக்குப் போனோம். டிக்கெட் வாங்கினோம், போனிலேயே ஹய்யா அட்டைக்கு விண்ணப்பித்தோம். நாட்டுக்குள் நுழையவும் ஸ்டேடியத்துக்குள் போகவும் அது ஒன்றுதான். மெட்ரோவிலும் அதைக் காட்டி இலவசமாகப் போனோம். என் சித்தப்பா மகன் தோஹாவில் வேலை பார்க்கிறான். அங்கே குடியிருப்பவர்கள் வீட்டில் தங்க முறைப்படி பதிவு செய்யும் ஏற்பாடும் இருந்ததால் அறை வாடகை மிச்சம். நவம்பர் 24 இரவு, லுசைல் ஸ்டேடியத்தில் செர்பியாவுக்கு எதிராக ரிச்சார்லிசன் சிசர் கட் அடித்து கோல் போட்டபோது நாங்கள் மேல்தட்டில், கடைசிக்கு மூன்று வரிசை முன்னால் நின்றுகொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்த பிரேசில்காரப் பெரியவர் என் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தார். வெளியே வந்தால் தொண்டர்கள் பெரிய நுரை விரலைக் கையில் மாட்டிக்கொண்டு மெட்ரோ இந்தப் பக்கம் என்று வழி காட்டுகிறார்கள். எங்கேயும் யாரும் எங்களைச் சந்தேகத்தோடு பார்க்கவில்லை. அதை நான் மறக்கவே மாட்டேன்.

வேறு அனுபவமும் உண்டு. ஐரோப்பாவில் ஒரு பெரிய போட்டியைப் பார்க்க எங்கள் சீட்டில் இருக்கும் வெல்டர் அண்ணன் ஒருவர் விண்ணப்பித்தார். எந்த நாடு என்று சொல்ல வேண்டாம். கையில் ஆட்டத்துக்கான டிக்கெட், போய்வர விமான முன்பதிவு, 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, எல்லாம் இருந்தது. முதலாளியின் விடுப்புக் கடிதமும் சம்பளச் சீட்டும் கேட்டார்கள். அவருக்கு முதலாளியே கிடையாது, சொந்தப் பட்டறை. பாஸ்போர்ட் ஒரு உறையில் திரும்பி வந்தது. உள்ளே ஒரு தாள், அதில் ஒரே ஒரு கட்டத்தில் டிக். விசா முடிவதற்குள் நாடு திரும்புவார் என்பதில் சந்தேகம் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். முப்பது வருடமாக ஒரே தெருவில் இருப்பவர், இரண்டு பெண் பிள்ளைகளின் அப்பா. கட்டிய கட்டணமும் திரும்ப வரவில்லை. அந்தத் தாளை மடித்து பட்டறை மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறார். 2030 சீட்டில் முதல் மாதப் பணத்தைக் கட்டியவர் அவர்தான்.

ஷெங்கன் சட்டம் எங்கள் கையில் இல்லையே என்று நீங்கள் சொல்லலாம். சரிதான், அது ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸில் முடிவாகிற விஷயம். ஆனால் அந்த ஐரோப்பிய விசாச் சட்டத்திலேயே ஒலிம்பிக்கில் பங்கேற்கும் வீரர்கள், அதிகாரிகளுக்கென்று தனி இணைப்பு ஒன்று இருக்கிறது. எளிய நடைமுறை, பலமுறை நுழையும் விசா. அதைப் போன்ற ஒன்றை டிக்கெட் வாங்கிய ரசிகனுக்கும் கேளுங்கள். 2014-ல் பிரேசில் டிக்கெட்காரர்களுக்குக் கட்டணம் இல்லாமல் தனி விசா கொடுத்தது. 2018-ல் ரஷ்யா ரசிகர் அடையாள அட்டையையே விசாவாக ஏற்றது, போட்டி நடக்கும் ஊர்களுக்கு இடையே ரயிலையும் இலவசமாக விட்டது. அந்தந்த நாட்டு அரசிடம் ஃபிஃபா கேட்டது, கிடைத்தது. இந்தியர்களுக்கு நீண்டகால ஷெங்கன் விசா கொடுக்க 2024 ஏப்ரலில் ஒரு நல்ல மாற்றம் வந்தது என்பதும் எங்களுக்குத் தெரியும். மூன்று வருடத்துக்குள் ஏற்கெனவே இரண்டு விசா வாங்கிச் சரியாகப் பயன்படுத்தியவர்களுக்குத்தான் அது. முதல்முறை கிளம்புகிற வெல்டருக்கு அதனால் பயனில்லை.

அதனால் நான் கேட்பது இதுதான். டிக்கெட்டோடு சேர்ந்து ஒரே அனுமதி வேண்டும். அதை மூன்று நாடும் ஏற்க வேண்டும், அந்தக் கடலை எத்தனை தடவை வேண்டுமானாலும் தாண்ட விட வேண்டும். டிக்கெட் விற்பனை தொடங்குவதற்கு முன்பே அந்த முறையை அறிவித்துவிடுங்கள், பிறகு என்றால் பணம் கட்டியவன் மாட்டிக்கொள்வான். விசா மறுக்கப்பட்டால் டிக்கெட் பணம் முழுசாகத் திரும்ப வரட்டும். அப்புறம், சம்பளச் சீட்டு இல்லாத ஆட்களுக்கும் ஒரு வழி வையுங்கள். பட்டறை நடத்துபவர், ஆட்டோ ஓட்டுபவர், துறைமுகத்தில் தினக்கூலிக்குப் போகிறவர், இவர்களெல்லாம் உங்கள் ஆட்டத்தைப் பார்க்க ஐந்து வருடம் காசு சேர்க்கிறவர்கள். அந்த நீல நோட்டை வேண்டுமானால் அப்படியே நகல் எடுத்து அனுப்புகிறேன்.

மூன்று நாடும் சேர்ந்து போட்டியைக் கேட்டபோது ‘யல்லா வாமோஸ்’ என்று பெயர் வைத்தீர்கள். ஒன்று அரபு, ஒன்று ஸ்பானிஷ், இரண்டுக்கும் கிளம்பு, போகலாம் என்றுதான் அர்த்தம் என்று கேள்விப்பட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்தப் பெயரை நம்பித்தான் எழுதுகிறேன்.

எங்கள் சீட்டு ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி, வெல்டர் அண்ணன் பட்டறையில்தான் கூடுகிறது. உங்களிடமிருந்து பதில் வந்தால் அங்கேதான் படித்துக் காட்டுவேன்.

அன்புடன்,
ஒரு பிரேசில் ரசிகன்
வியாசர்பாடி, சென்னை-39